இடுப்பு 'டக்' என்கிறதா? உருவுகிறவரா, ஜாமு போத்தலா, ஒரு வெள்ளி கிளினிக்கா?

உட்கார்ந்து எழுந்தால் தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில் 'டக்'. படி ஏறினால் 'டக்'. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இதை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், தேத்தண்ணி ஆறுவதற்குள் நாலு வழி வந்துவிடும்: சும்மா விடு, போய்த் தைலம் போட்டு உருவிக்கொள், இரவுச் சந்தையில் விற்கிற ஜாமு என்ற மூலிகை மருந்தை ரெண்டு போத்தல் குடி, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் பார்க்கிற அரசாங்கக் கிளினிக்கில் காட்டு. நாலுக்கும் சத்தியம் பண்ணுகிற ஆள் உண்டு. ஆனால் சத்தம் எந்த இடத்தில் வருகிறது, கூடவே வலிக்கிறதா என்று கேட்கிறவர்தான் அபூர்வம். அது தெரியாமல் இந்த நாலையும் எடைபோட முடியாது, அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

பக்கவாட்டில், தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பு கையில் தட்டுப்படும். தொடையின் வெளிப்பக்கமாக ஓடும் தட்டையான பட்டை ஒன்று அந்தப் புடைப்பைத் தாண்டும்போதுதான் பெரும்பாலான சத்தம் வருகிறது. கொடிக்கயிறு முளை மேல் ஏறி இறங்குவது மாதிரி. சத்தம் வராத பக்கமாகச் சாய்ந்து படுத்து, மேல் காலை மடக்கி நீட்டிக்கொண்டே உள்ளங்கையை அங்கே வைத்தால் கைக்கு அடியில் குதிப்பது தெரியும். ஒல்லியானவர்களுக்குக் கண்ணாலேயே பார்க்கலாம். 'மூட்டே கழன்று விழுகிறது' என்று பயப்படுகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான், மூட்டு அதன் இடத்தில்தான் இருக்கிறது.

முன்பக்கம், கவட்டை ஓரமாக வருவது வேறு. அது காலைத் தூக்க உதவும் தசையின் நார், எலும்பு மேட்டில் உரசித் தாண்டுவது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்து, அங்கிருந்து மெல்லக் காலை நீட்டுங்கள். பாதி வழியில் 'டொக்' என்றால் அநேகமாக அதுதான். மூன்றாவது, மூட்டுக்கு உள்ளேயே இருக்கிற கோளாறு: கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம், சிறு துணுக்கு சுற்றிக்கொண்டிருக்கலாம். இதற்குச் சத்தம் பெரிய அடையாளமே இல்லை. கால் ஒரு கோணத்தில் சிக்கும், பூட்டிக்கொள்ளும், திடீரென்று வாரிவிடும், கவட்டையில் வலிக்கும். அப்புறம் விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு தடவை சத்தம் வந்து, கொஞ்ச நேரத்துக்கு மறுபடி வராமல் இருக்கிறதே, அது மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழ் விவகாரம். விட்டுவிடலாம்.

சரி, இப்போது நாலு வழிக்கும் வருவோம்.

சும்மா விடுவது மலிவானது, வலியே இல்லாத சத்தத்துக்கு இதுதான் சரியானதும்கூட. சத்தம் வருகிறது என்பதற்காக மூட்டு தேய்ந்துபோவதில்லை.

உருவுதல். நல்ல கைப்பக்குவம் உள்ளவரிடம் போனால் இறுகிய தசை தளரும், ரெண்டு நாள் சுகமாக இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எலும்பை இடத்தில் உட்கார வைத்தேன்' என்பதை மட்டும் நம்பாதீர்கள், எலும்பு எங்கேயும் போகவில்லை. பட்டை ஏன் இறுகியது என்பதும் உருவலில் மாறாது. நாள் முழுக்கக் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குத்த வைத்து உதிரிப் பழம் பொறுக்குகிற அக்காவுக்கு மறுநாளும் அதே வேலைதான். விழுந்த பிறகு மட்டும் உருவவே கூடாது. பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது எலும்பு முறிவு, தைலத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது மூன்றாவதில்தான். ஜாமு என்றாலே தப்பு என்று சொல்லவில்லை. லேபிளில் 'முழுக்க மூலிகை' என்று போட்டு உள்ளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்கும் சரக்குகள் மலேசியாவில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன, சுகாதார அமைச்சும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. குடித்த ரெண்டாம் நாளே வலி பறந்துபோகிறது, நன்றாகப் பசிக்கிறது, முகம் உப்புகிறது, இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை எகிறுகிறது. மாதக்கணக்கில் இது உள்ளே போனால் தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பே செத்துப்போகலாம். இடுப்பு வலிக்குக் குடித்த மருந்து இடுப்பு மூட்டையே தின்றுவிடும் என்கிற கொடுமை இது. வருஷக்கணக்கில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பதிவான பாரம்பரிய மருந்தில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி டி (T) என்று முடியும் எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடாதீர்கள். ஏற்கனவே பல வாரமாகக் குடித்துவருகிறவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும், மயங்கி விழலாம். போத்தலோடு டாக்டரிடம் போங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

ஒரு வெள்ளி கிளினிக்குக்கு வருகிறேன். குடியுரிமை உள்ளவர்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி, ஆனால் காலைப் பொழுது முழுக்கப் போகும், நாள் சம்பளக்காரர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. தனியார் கிளினிக்கில் சீக்கிரம் முடியும், எம்சியும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்கும், பல நேரம் வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். வலி சில வாரங்களாகத் தொடர்ந்தால் நான் அரசாங்கக் கிளினிக் பக்கம்தான், காரணம் அங்கிருந்துதான் பிசியோ என்கிற உடற்பயிற்சி சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி எலும்பு நிபுணருக்கும் கடிதம் நகரும். பிசியோவில் சொல்லித் தருகிற பிட்டத் தசைப் பயிற்சியும் முன்தொடை இழுப்பும் முதல் ரெண்டு வகைச் சத்தத்துக்கு உருவலைவிட நீடித்த பலன் தரும், ஆனால் வாரக்கணக்கில் செய்ய வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள். போகும்போது 'இடுப்பு வலி' என்று மட்டும் சொல்லாதீர்கள், முதுகுக்கு மாத்திரை கொடுத்துவிடப் போகிறார்கள். ஒரு விரலால் இடத்தைக் காட்டுங்கள். காலுறை போட, கால் நகம் வெட்டக் குனிய முடிகிறதா, ராத்திரி வலி எழுப்புகிறதா, ஜாமு, சம்சு பழக்கம் உண்டா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக வந்தும் கவட்டை வலி நிற்காவிட்டால் திரும்பப் போங்கள், எலும்பு சாக ஆரம்பித்த கட்டம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில்தான் பிடிபடும்.

காய்ச்சலோடு இடுப்பு வலி, காலே ஊன்ற முடியாத வலி, மாற்று மூட்டு வைத்தவருக்குப் புதிதாக வலியோடு வரும் சத்தம் என்றால் வரிசை, சந்தை எல்லாம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி. பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். பத்து வயதுக்கு மேல், கொஞ்சம் உடம்பான பிள்ளை, முட்டி வலிக்கிறது என்று நொண்டுகிறான், பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. எல்லாரும் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், கோளாறோ இடுப்பில் இருக்கலாம், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் நழுவியிருக்கலாம். அவனை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அன்றைக்கே போங்கள், இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.