மலையக வீட்டுக்கு எந்த நீர்: ஊற்றா, பிளாஸ்டிக் தாங்கியா, சீமெந்துத் தொட்டியா?

வட்டவளைப் பக்கத்தில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு வறண்டு வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில், வெலிமடைப் பகுதி மக்கள் குடத்தோடு வரிசையில் நிற்க நேர்கிறது. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கங்களில் நெருக்கடி ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. ஆகவே மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றி யோசிக்கும் குடும்பம் தாங்கியின் விலையைக் கேட்பதற்கு முன், தன் ஊரில் ஒரு நல்ல மழைக்கும் அடுத்த நல்ல மழைக்கும் இடையில் எத்தனை நாட்கள் கடக்கின்றன என்பதைக் கணக்கிட வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கணக்கின் மீதே நிற்கிறது.

மழைநீருக்கு மலையகத்தில் உள்ள முதல் போட்டியாளர் மலை ஊற்றுதான். மின்சாரமோ பம்போ தேவையில்லை. மேட்டில் ஒரு சிறு தடுப்பும் கறுப்புக் குழாயும் இருந்தால், மக்கள் நீர் பிடிக்கும் பீலிக்கரை வரை நீர் தானாக இறங்கி வரும். தலைமுறை தலைமுறையாகத் தோட்ட மக்கள் இதையே நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் ஊற்று வற்றுவது நமக்கு நீர் மிகவும் தேவைப்படும் அதே மாதங்களில்தான். மேற்சரிவில் மலசலகூடக் குழியோ உரமும் மருந்தும் இடப்படும் மரக்கறித் தோட்டமோ இருந்தால், தெளிவாகத் தெரியும் நீரிலும் கிருமியும் நைத்திரேற்றும் கலந்திருக்கக்கூடும். ஊற்றின் மீது குடும்பத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பது இவற்றைவிடப் பெரிய குறை. உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நிலத்தடி நீர் கசியத் தொடங்கியபோது, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அந்த நீரைக் குடித்துவந்த எவரும் தம் பக்கத்தில் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை.

கூரையில் விழும் மழை அப்படிப் பறிபோவதில்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் நீர். தெறிப்பதும் ஆவியாவதும் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்று கொள்ளலாம். ஏழு பேர்ச் காணியில் கட்டப்படும் 550 சதுர அடித் தனிவீட்டின் கூரை, தாழ்வாரத்தோடு சேர்த்து ஏறத்தாழ 60 சதுர மீற்றர் வரும். மாதத்தில் 100 மில்லிமீற்றர் பெய்தாலே அதிலிருந்து 4,800 லீற்றர் கிடைக்கும். தோட்டத் தொழிலாளரின் தொடர்வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவையும் (அறையையும்), அதன் முன் விறாந்தையையும் குசினியையும் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் பங்குக்கு 20 சதுர மீற்றர் அளவு கூரைதான் தேறும்; அதே மழையில் 1,600 லீற்றர். குறைவுதான், ஆனால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு மாதங்களுக்குப் போதும்.

அந்த நீரை எதில் நிறுத்துவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. கடையில் வாங்கும் 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறிவிடக்கூடியது. அன்றே பொருத்தலாம், வீடு மாறினால் கொண்டுபோகலாம். காணி தன் பெயரில் இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கடைசி வசதி மிகவும் பெரியது. எனினும் மேலே சொன்ன ஐந்து பேர் குளிக்க, துவைக்கவும் சேர்த்து நாளொன்றுக்கு 100 லீற்றர் எடுத்தால் அது பத்தே நாளில் காலியாகும். மேற்குச் சரிவில் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். வெலிமடையில் அது போதவே போதாது. வெற்றுத் தாங்கியைக் காற்றுப் புரட்டிவிடாமல் சமதளமான சீமெந்து மேடையில் கட்டிவைப்பதும் அவசியம்.

5,000 லீற்றர் சீமெந்துத் தொட்டிக்கு மலையகத்திலேயே ஒரு வரலாறு உண்டு. உலக வங்கியின் உதவியுடன் 1990களில் நடந்த சமூக நீர்வழங்கல், சுகாதாரத் திட்டம், பதுளை மாவட்டம் உள்ளிட்ட இடங்களில் இரண்டு வகைத் தொட்டிகளைப் பரப்பியது. ஒன்று நிலத்துக்குள் செங்கல்லால் கட்டிக் குவிமாடம் போல் மூடுவது. மற்றது நிலத்துக்கு மேலே கம்பிவலையின் மீது சீமெந்துக் கலவை பூசி எழுப்புவது. நிலத்தடித் தொட்டி இடத்தை மிச்சப்படுத்தும், நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஆனால் அதன் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. நீரை எடுக்க வாளியோ பம்போ வேண்டும். மேலிருந்து வழியும் அழுக்கு நீர் உள்ளே புகுவதும் எளிது. மேலே நிற்கும் தொட்டியில் கசிவு அன்றே ஈரமாகத் தெரிந்துவிடும், கொத்தனார் பூசி அடைத்துவிடலாம், அடியில் ஒரு குழாய்வாய் இருந்தால் சிறுபிள்ளைகூட நீர் பிடிக்கலாம். 100 லீற்றர் கணக்கில் ஐம்பது நாட்களும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் 200 நாட்களும் அது தாங்கும். மலையகத்துக்கு இதையே நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

சரிவு நிலம்தான் அதற்கு முதன்மையான காரணம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மழையில் ஊறிய மலைச்சரிவு லயங்களின் மீது இறங்கியதை மலையகம் மறக்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்திட்டின் அடியில் குழி தோண்டுவதும், அந்தக் குழி ஓசையின்றிக் கசிவதும் இங்கே உயிர்ப் பிரச்சினை. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு முறை பெரும்பாலும் மழையை நிலத்துக்குள் இறக்குவது. சமவெளிக்கு அது நல்ல வழி. அதை அப்படியே எடுத்துவந்து செங்குத்தான சரிவில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி தோண்டச் சொல்வது ஆபத்து. தொட்டி நிரம்பி வழியும் நீரையும் குழாய் வழியாகக் கல் பதித்த கானுக்குள் (வடிகாலுக்குள்) விட வேண்டும். ஊற்றுகளுக்கு ஊட்டம் வேண்டுமானால், குடியிருப்புக்கு விலகிய மென்சரிவில், தேயிலை வரிசைகளுக்குக் குறுக்கே வெட்டிய கான்களைத் தூர்வாரி வைப்பதும் நீரேந்து காடுகளைக் காப்பதும் பாதுகாப்பான வேலைகள்.

குடிக்கத் தக்க நீரா என்ற கேள்விக்குத் தொட்டியைவிடக் கூரையே விடை தரும். தகரக் கூரை வெயிலில் சுட்டுக் காய்வதாலும் வழுவழுப்பாக இருப்பதாலும் நல்லது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் பாசி பிடிக்கும். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது, ஏனெனில் மூச்சோடு உள்ளே போகும் தூசியே அதில் நிரூபிக்கப்பட்ட பெரும் ஆபத்து. விறகடுப்புப் புகையின் கரியும் பறவை எச்சமும் எல்லாக் கூரையிலும் உண்டு. அதனால் ஒவ்வொரு மழையிலும் முதல் ஒரு மில்லிமீற்றரை, அதாவது 60 சதுர மீற்றர் கூரைக்கு 60 லீற்றரை, வெளியே விட ஒரு திருப்புக் குழாய் வேண்டும். தொட்டிக்கு ஒளி புகாத மூடியும், நுளம்பு நுழையாத நுண்வலையும் வேண்டும். புதிய சீமெந்துத் தொட்டியின் முதல் நீரில் சுண்ணாம்புச் சுவை இருக்கும். சில முறை நிரப்பிக் கழுவிவிட்டால் போய்விடும். ஊற்று நீருக்குப் பழகிய நாக்குக்கு மழைநீர் சப்பென்று இருப்பது உண்மை. கொதிக்க வைத்துத் தேநீர் போட்டால் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது.

தொழிற்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு எளிது. 3,000 சதுர மீற்றர் கூரையுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கு 100 மில்லிமீற்றர் மழையில் 240,000 லீற்றர் கிடைக்கும். தரையும் இயந்திரங்களும் கழுவுவதற்கு ஊற்று நீரைத் தொடவே வேண்டியதில்லை. எல்ல, நுவரெலியா விடுதிகள் முதலில் செய்ய வேண்டியது சிக்கனம்: ஒரே இழுப்பில் ஒன்பது லீற்றருக்கு மேல் கொட்டும் பழைய மலசலகூடத் தாங்கிகளுக்குப் பதிலாக மூன்று, ஆறு லீற்றர் என இரு அளவில் விடுபவற்றைப் பொருத்துவதும், அவற்றை மழைநீரில் இயக்குவதும். விடுதி மேலே இழுக்கும் ஒவ்வொரு குழாயும் கீழே இருக்கும் ஒரு லயத்தின் பீலியை மெலியச் செய்கிறது.

லயங்களில் கூரை பொது, தொட்டி யாருடையது என்பது சிக்கல். தொட்டியைப் பொதுவில் கட்டினால் கூரைப் பீலியைத் துப்புரவு செய்பவர் யார் என்ற சண்டை வரும். இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒன்றாகப் பிரித்தால் பொறுப்பும் பிரிந்து நிற்கும் என்பது என் எண்ணம். இலங்கையில் 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. 2009இன் ஒழுங்குவிதிகள் நகர்ப்புறத்தின் புதிய கட்டடங்களில் சேகரிப்பைக் கட்டாயமாக்கின. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. இனிக் கட்டப்படும் ஒவ்வொரு தனிவீட்டின் வரைபடத்திலும் கூரைப் பீலியும், தொட்டிக்கான மேடையும், வழியும் நீர் கானுக்குப் போகும் பாதையும் தொடக்கத்திலேயே வரையப்பட வேண்டும். மண்திட்டை வெட்டி வீடு எழுந்த பிறகு 5,000 லீற்றர் தொட்டிக்கு ஏழு பேர்ச்சில் சமதளம் கிடைப்பது அரிது.