மச்சானின் மனு எந்த மேசையில் இருந்தது?

கீழக்கரைக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, தேநீர் ஆறுவதற்குள் என் லாத்தா (அக்கா) ஒரு பிளாஸ்டிக் உறையை என் மடியில் வைத்தார். உள்ளே மருத்துவச் சான்று, நீல நிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார் நகல், மச்சானின் உதவித்தொகை மனுவுக்குக் கொடுத்த, மடித்து மடித்துக் கிழிந்த ஓர் ஒப்புகைச் சீட்டு. "எட்டு மாதமாக இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் தம்பி. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். யார் பரிசீலிக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை" என்றார். ஷார்ஜாவிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். விடுப்பில் என்ன வேலை என்பது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

மச்சான் சங்கு குளித்தவர். கம்பிரசர் குழாய் வழியே காற்றை இழுத்தபடி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகி முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்கும். அவருக்கு நடந்தது அதுதான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பாதிப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் என்று மருத்துவர்கள் சான்றளித்ததால் அட்டை நீல நிறம். 40 முதல் 79 வரை என்றால் மஞ்சள். அட்டை வந்ததும் உதவித்தொகையும் தானாக வந்துவிடும் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். அட்டை வேறு, உதவித்தொகை வேறு. அதற்குத் தனி மனு வேண்டும்.

அந்த மனுவிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. வருவாய்த்துறை வழியாக வரும் மாத ஓய்வூதியம் ஒன்று. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை மற்றொன்று. இந்த இரண்டாவதற்குக் கை கால் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 75 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். மச்சானுக்குப் போட்டிருந்தது இரண்டாவது மனு. லாத்தா எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததோ முதலாவதைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில். கையில் ஒப்புகைச் சீட்டோடு நின்ற பெண்ணிடம், "இது எங்களிடம் வரும் மனு இல்லை அம்மா, அங்கே கேளுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஒருவரும் சொல்லவில்லை. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

சீட்டிலிருந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். அதே ஒற்றைச் சொல்: பரிசீலனையில். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஓர் ஊழியர் எண்ணை வாங்கிக் கணினியில் பார்த்தார். "ஐந்து மாதத்துக்கு முன்பே திருத்தம் கேட்டுத் திருப்பியிருக்கிறோம் ஐயா. அட்டையில் ஒரு தலைப்பெழுத்து, வங்கிப் புத்தகத்தில் இரண்டு. குறுஞ்செய்தியும் போயிருக்கிறதே" என்றார். எந்த எண்ணுக்கு என்று கேட்டேன். வாசித்தார். வீட்டில் யாருடைய எண்ணும் அல்ல. மனுவைப் பதிந்துகொடுத்த கணினி மையத்துக்காரர் தன் எண்ணையே போட்டிருந்தார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) வரும்போது வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் போகிறது. ஊரில் யாருக்காவது மனுப் போடுகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: மனுவில் உங்கள் வீட்டு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்புகைச் சீட்டைப் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். எண் ஒன்று இருந்தால் நாங்கள் அங்கிருந்தே பார்த்துச் சொல்ல முடியும். முதல்வரின் முகவரி என்னும் அரசின் குறைதீர்ப்புச் சேவைக்கான 1100 என்ற எண்ணில் உள்ளூரில் இருப்பவர்கள் முறையிடலாம்.

தலைப்பெழுத்தைத் திருத்த வங்கிக்கு மச்சானே நேரில் வர வேண்டியிருந்தது. வாசலில் ஐந்து படிகள், சாய்தளம் கிடையாது. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வர வழி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆட்டோ ஓட்டுநரும் நானும் நாற்காலியோடு தூக்கினோம். கடலில் அத்தனை பாரம் தூக்கிய மனிதர், எங்கள் தோளைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டார். இறக்கி வைத்ததும் மேலாளர் எழுந்து வந்து கையெழுத்து வாங்கினார். ஆதார் இணைப்பையும் அங்கேயே சரிபார்த்துக் கொடுத்தார்.

திருத்திய ஆவணங்களை மச்சானின் சொந்த எண்ணோடு மறுபடி பதிந்தோம். நான் புறப்பட்ட நாளில் பணம் வந்திருக்கவில்லை. மதுரை விமான நிலையத்தில் நிற்கும்போது லாத்தாவிடமிருந்து அழைப்பு. மச்சானின் கைப்பேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. மனு மாவட்ட அலுவலரின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறதாம். எழுத்துக் கூட்டிக் கூட்டி லாத்தாவே வாசித்தார். "இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிகிறது தம்பி" என்றார்.