ஒரு கட்டை கீழே: என் கிட்டாரோடு ஆறு வருடம்

ஆறு வருடமாக என் அகூஸ்டிக் கிட்டார், எல்லோரும் வைக்கும் இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற ஸ்டாண்டர்ட் சுருதியில் இல்லை. முதல் இரண்டு வருடம் அரைக் கட்டை (ஒரு ஃப்ரெட் அளவு) கீழே, அதாவது இ ஃப்ளாட்டில். அப்புறம் இன்றுவரை ஒரு கட்டை கீழே: மிகத் தடித்த ஆறாவது கம்பியிலிருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி.

காரணம் குரல்தான். எனக்குக் கனமான குரல். ஜி ஸ்கேலில் பல்லவி சுகமாகப் போகும், சரணத்தில் மேலே ஏறும்போது கழுத்து நரம்பு புடைக்கும். கார்டை மாற்றிப் பிடிக்கலாமே என்பார்கள். ஆனால் ஜி, சி, டி கார்டுகளில் திறந்த கம்பிகள் சேர்ந்து முழங்கும் நிறைவு, எஃப்பையும் பி ஃப்ளாட்டையும் ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து, அதாவது பார் போட்டுப் பிடித்தால் வராது. கிட்டாரையே இறக்கிவிட்டால் விரல்கள் பழகிய இடத்திலேயே இருக்கும், பாட்டு தொண்டைக்கு இறங்கி வரும்.

அரைக் கட்டை இறக்கியதில் எந்தத் தொல்லையும் இல்லை. இருந்த 12-53 கம்பிகளே (மெல்லியது 0.012 அங்குலம், தடித்தது 0.053) போதும். கிட்டார் கற்கும் என் மகளுக்கு எஃப் பார் கார்டு முதல்முறை சுத்தமாக விழுந்தது அந்தச் சுருதியில்தான். கம்பியின் இழுவிசை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால் சின்ன விரலுக்கு அது பெரிய உதவி. ஆரம்ப நிலையில் இருக்கும் யாருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஒரு கட்டை என்பது வேறு கதை. அதே கம்பிகளோடு இறக்கினேன், அது தவறு. கம்பியின் இழுவிசை, அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4க்கு வருகிறது; இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 73 கிலோ இழுத்த இடத்தில் 58 கிலோதான். ட்யூனரில் வைத்துப் பார்த்தால் அப்படியே தெரியும்: ஆறாவது கம்பியை ஓங்கி மீட்டினால் முள் முதலில் டிக்கு மேலே துள்ளி, ஒரு நொடி கழித்துத்தான் இறங்கி நிற்கும். பாட்டில் அந்த ஒரு நொடி சுருதி விலகல் காதை உறுத்தும்.

இரண்டு மாதத்தில் கம்பி ஃப்ரெட்டில் உரசி எழும் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. கம்பி இழுத்துப் பிடிக்காததால் கிட்டாரின் கழுத்து நிமிர்ந்துவிட்டது. முதல் ஃப்ரெட்டையும் உடலோடு கழுத்து சேரும் 14ஆவது ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி ஃப்ரெட்டை ஒட்டிக் கிடந்தது.

தீர்வு 13-56 கம்பிகள். ஒரு கட்டை கீழே இவை சுமார் 67 கிலோ இழுக்கும், அரைக் கட்டை கீழே 12-53 இழுப்பதைவிடச் சற்றே கூடுதல். கழுத்து பாதி சரியானது. மீதிக்கு, கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் ஒரே நாளில் திருக வேண்டாம், மரம் மெதுவாகத்தான் நகரும்.

தடித்த கம்பி போட்டபின் ட்யூன் செய்யும்போது நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) 'டிக்' என்று கேட்டு சுருதி தாவினால், பள்ளத்தில் கம்பி சிக்குகிறது என்று பொருள். பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் நாலு முறை தேய்த்தேன், வழுக்க ஆரம்பித்துவிட்டது. அப்படியும் தீராவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது. இன்னொன்று, எவ்வளவு ஓங்கி வாசிப்பீர்களோ அவ்வளவே ஓங்கி மீட்டி ட்யூன் செய்யுங்கள்.

இப்போது வரும் நாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பேஸ் கம்பிகள் நெஞ்சில் அதிர்கின்றன; கிட்டாரை அணைத்து வாசிப்பவருக்குத்தான் அது புரியும். மேல் கம்பிகளில் பளபளப்பு கொஞ்சம் குறைந்தது உண்மை. குரலோடு சேரும்போது அந்தக் குறை தெரியவில்லை. அமெரிக்க நாட்டுப்புற, ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லியின் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். 12 கம்பி கிட்டாரை அவர் இதைவிட வெகுவாக இறக்கி வைத்திருப்பார், பியானோவின் இடது பக்கம் போல முழங்கும்.

கீபோர்டு வாசிக்கும் நண்பரோடு சேரும்போது மட்டும் கவனம் தேவை. நான் ஜி பிடித்தால் ஒலிப்பது எஃப். வாசிக்கும் முன்பே சொல்லிவிட்டால் அவர் ட்ரான்ஸ்போஸில் இரண்டைக் குறைத்துக்கொள்வார். இல்லையென்றால் நான் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு ஸ்டாண்டர்டுக்கு வந்துவிடுவேன்.

ஆறாவது கம்பியை சி வரைக்கும் இறக்கிப் பார்த்தேன். இரண்டே நாளில் டிக்குத் திரும்பிவிட்டேன். 13 கம்பிகூட அங்கே தொளதொளவென்று ஆடுகிறது. அது கம்பி நீளம் 27 அங்குலமும் அதற்கு மேலும் போகும், தாழ்ந்த சுருதிக்கென்றே செய்த பாரிடோன் கிட்டாரின் இடம்.

மகளின் கிட்டார் இன்னும் அரைக் கட்டை கீழேதான் இருக்கிறது. ஞாயிறு மாலை இருவரும் சேர்ந்து வாசிக்கும்போது என் கேப்போ முதல் ஃப்ரெட்டில் உட்காரும்.