டெக்ஸ்ரான் 3, டெக்ஸ்ரான் 6, டபிள்யூஎஸ், மல்டி-வெஹிக்கிள்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

ஸ்பேர்ஸ் கடையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்காக "ஏடிஎஃப் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) வகுத்த தரமான டெக்ஸ்ரானில் 2 அல்லது 3 கேன்தான் கைக்கு வரும். பவர் ஸ்டீயரிங்குக்கு வாங்கிப் போகும் அதே சிவப்பு ஆயில். பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் சிலவற்றுக்கு அது சரிதான். இன்னோவா கிரிஸ்டாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் அதை ஊற்றுவது தவறு. நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. சிவப்பு வெறும் சாயம், கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கலப்பது.

பார்க்க வேண்டியவை இரண்டு: பாகுத்தன்மை, உராய்வுக் குணம். ஆயில் எவ்வளவு இளக்கம் என்பதைப் பொறுத்தே ஆயிலை வழிமாற்றி கியரை மாற்றும் வால்வ் பாடிக்குள் அழுத்தம் ஏறும் வேகமும், கியர் விழும் நேரமும் அமையும். கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிப் பிடிப்பதா, வெடுக்கென்று பிடிப்பதா என்பதை உராய்வுக்கான சேர்மங்கள் தீர்மானிக்கும். இந்தச் சேர்மம் பொருந்தாவிட்டால் 50–80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது வண்டி கிடுகிடுவென்று அதிரும், சாலையில் வரிசையாகச் சின்ன வேகத்தடைகள் மேல் ஓடுவது போல. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில், இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுவதன் அறிகுறி அது. பலர் இதை எஞ்சின் மிஸ்ஃபயர் என்று நினைத்து ஸ்பார்க் பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

டெக்ஸ்ரான் 3-க்கும் 6-க்கும் என்ன வித்தியாசம்? ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் கொண்டுவந்தது 6. 3-க்கு உரிமம் தருவதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று கேனில் "டெக்ஸ்ரான் 3" என்று இருந்தால், அந்தத் தரத்தை இப்போது யாரும் சோதித்து உரிமம் தருவதில்லை என்று பொருள். 100 டிகிரி செல்சியஸில் 3-இன் பாகுத்தன்மை சுமார் 7 முதல் 7.5 சென்டிஸ்டோக் (எண் கூடினால் ஆயில் கெட்டி) இருக்கும். புது 6 அதிகபட்சம் 6.4. கெட்டியான ஆயில்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் கியர்பாக்ஸுக்குள் அரைபட்டு அரைபட்டு 3 வேகமாக இளகிவிடும். 6 இளக்கமாகத் தொடங்கினாலும் 5.5-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. அதனால் டெக்ஸ்ரான் 3 கேட்கும் ஜிஎம் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் 6-ஐ யோசிக்காமல் ஊற்றலாம். திருப்பிச் செய்யக் கூடாது.

டொயோட்டாவில் கதை வேறு. பழைய டி-4 ஆயில், டொயோட்டாவுக்குக் கியர்பாக்ஸ் செய்யும் ஐசின் நிறுவனத்தின் கணக்கில் ஜேடபிள்யூஎஸ் 3309. புதிய டபிள்யூஎஸ், ஜேடபிள்யூஎஸ் 3324. டபிள்யூஎஸ் நன்றாகவே இளக்கம், 100 டிகிரியில் 5.5-ஐ ஒட்டி. "புதுசு பழசுக்கும் பொருந்தும்" என்ற டெக்ஸ்ரான் வழக்கம் இங்கே செல்லாது. இரண்டையும் கலப்பதும் கூடாது. ஹூண்டாயின் பழைய எஸ்பி-3, புதிய எஸ்பி-4 இரண்டுக்கும் இதே விதி.

கார் கம்பெனியின் சொந்தக் கேனா, பல கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவான மல்டி-வெஹிக்கிளா? கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள். "அப்ரூவ்டு", "லைசென்ஸ்டு" என்றால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. டெக்ஸ்ரான் 6 என்றால் ஜே எழுத்தில் தொடங்கும் உரிம எண் இருக்கும். "சூட்டபிள் ஃபார் யூஸ்" என்றால் ஆயில் தயாரித்தவரின் வாக்கு மட்டுமே. பெயர்பெற்ற நிறுவனத்தின் இளக்கமான மல்டி-வெஹிக்கிள் ஆயில், டபிள்யூஎஸ், எஸ்பி-4, டெக்ஸ்ரான் 6 மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டிருந்தால், வாரண்டி முடிந்த வண்டிக்கு அதை ஏற்கலாம். அந்த மூன்றோடு டி-4, எஸ்பி-3, சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) எல்லாவற்றையும் ஒரே கேனில் அடக்குகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

சிவிடி முற்றிலும் தனி. அங்கே இரும்பு பெல்ட் இரும்புப் புல்லியைக் கவ்விச் சுழற்றுகிறது. சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கீறல் விழும். அப்புறம் ஆயிலை மாற்றியும் பயனில்லை. நிசானுக்கு என்எஸ்-3, ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2 என்று கையேட்டில் இருப்பதே ஊற்ற வேண்டும். மாருதியின் ஏஜிஎஸ் போன்ற ஏஎம்டி-யில் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், ஏடிஎஃப்புக்கு அங்கே வேலையே இல்லை. இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி-க்கும் தனி ஆயில். "சிந்தெடிக்தான் எப்போதும் உசத்தி" என்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளலாம்: 2013-ல் ஃபோக்ஸ்வாகன் ஏழு கியர் டிஎஸ்ஜி (அந்தக் கம்பெனியின் டிசிடி) வண்டிகளைத் திரும்ப அழைத்து, சிந்தெடிக்கை இறக்கிவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது.

மாற்றும்போது, ஆயில் ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது வராமல், ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் பிளக்கை மட்டும் திறந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்ற வேண்டும். மொத்தக் கொள்ளளவில் பாதிக்கும் குறைவாகத்தான் வடியும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஒருமுறைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், இரண்டாம் முறையில் 64, மூன்றாம் முறையில் 78 சதவீதம் புது ஆயில். இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் செய்யலாம். ஒரு லட்சம் தாண்டியும் ஆயிலே மாற்றாத பெட்டிக்கு, மெஷின் வைத்து முழு ஆயிலையும் ஒரேயடியாக மாற்றும் ஃப்ளஷ்ஷைவிட இதுவே பாதுகாப்பு.

டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது மிகுதி ஆயிலை ஒழுகவிடும் ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறக்க வேண்டும். சரியான வெப்ப எல்லை கையேட்டில் இருக்கும். ஒழுகுவது சொட்டாகக் குறைந்ததும் மூடிவிடலாம். சூடேறியபின் பார்த்தால் ஆயில் விரிந்திருக்கும், அதிகம் ஒழுகி உள்ளே அளவு குறைந்துபோகும். கூடுதலாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் அடித்து நுரை கிளப்பும். நுரையால் அழுத்தம் தர முடியாது, கியர் வழுக்கும்.

கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான பானின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். பானில் செதிலோ பித்தளைத் துணுக்கோ கிடந்தால் எந்தக் கேனும் காப்பாற்றாது. "வாழ்நாள் ஆயில், மாற்ற வேண்டாம்" என்று ஷோரூமில் சொல்வதற்கு ஒரு மறுப்பு: எத்தனையோ கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.