மெர்ட்சனா, ஃபெஸ்ட்பியரா?

ஜெர்மனியின் மியூனிக் நகரப் பியர் திருவிழாதான் அக்டோபர்ஃபெஸ்ட். வீட்டில் அந்தப் பாணியில் விருந்து வைப்பதென்றால் முதலில் மெர்ட்சனா, ஃபெஸ்ட்பியரா, எந்த பியர் என்று முடிவு செய்யுங்கள். சாப்பாடு, குவளை எல்லாம் அப்புறம்.

மெர்ட்சன் என்றால் மார்ச் மாத பியர். 1553இல், மியூனிக் இருக்கும் பவேரியா பகுதியில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சத் தடை வந்தது. வெயில் காலத்தில் காய்ச்சியது எளிதில் கெட்டுவிடும். அதனால் மார்ச்சிலேயே சற்று வலுவாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுக்க வைத்திருந்தார்கள். செம்பு நிறம்; முறுகலாகச் சுட்ட ரொட்டியின் மணம். 1872இல் மியூனிக் திருவிழாவுக்கு வந்த இந்த வகை பல பத்தாண்டுகள் அங்கே நிலைத்தது. வறுத்த கோழிக்கும் பன்றி இறைச்சிக்கும் இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. மிகவும் குளிராக ஊற்றாதீர்கள், மால்ட்டின் (பியருக்கு அடிப்படையான, முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை அடங்கிவிடும்.

இன்று மியூனிக் திருவிழாக் கூடாரங்களில் ஊற்றுவது பெரும்பாலும் ஃபெஸ்ட்பியர், அதாவது திருவிழா பியர். பொன்னிறம், இலகுவான சுவை, பிரெட்சலுடன் (முடிச்சு வடிவ உப்பு ரொட்டி) சரளமாக இறங்கும். அங்குதான் கவனம் வேண்டும்: ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். அங்கே ஒரு லிட்டர் 'மாஸ்' குவளை வழக்கம். வீட்டில் அரை லிட்டர் போதும், பக்கத்தில் தண்ணீரும் வையுங்கள்.

பகலில் தோட்டத்தில் கூட்டமாக என்றால் ஃபெஸ்ட்பியர் சரி. ஆறேழு பேர், நிதானமான இரவுச் சாப்பாடு என்றால் நான் மெர்ட்சனைத்தான் எடுப்பேன்.