அப்பாவின் ஐசிடி: மூன்று வருடம் கழித்து

அப்பாவுக்கு இடது தோளுக்குக் கீழே ஐசிடி, அதாவது ஆபத்தான இதயத்துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் சின்னக் கருவி, வைத்து மூன்று வருடம் ஆகிறது. வைக்கும்போது நாங்கள் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை ஜூல் (ஷாக்கின் ஆற்றல் அளவு) வரைக்கும் அடிக்கும்? 40 என்றார்கள், நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டோம். கேட்டிருக்க வேண்டியது அது இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூன்று ஷாக், அடுத்தடுத்து. மாடு முட்டியது மாதிரி இருந்தது என்றார் அப்பா, அப்புறம் பல நாள் படிப்பக்கமே போகவில்லை. கருவியின் பதிவை எடுத்துப் பார்த்தால் உயிருக்கு ஆபத்தான துடிப்பே அன்று வரவில்லை. இதயத்தின் மேலறையின் தாறுமாறான துடிப்பு கீழறையையும் வேகமாக ஓட்ட, கருவி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

வலி மட்டும்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஷாக் கொடுக்கும் கம்பிச்சுருளை ஒட்டிய தசையில் மின்புலம் மிக அதிகம், அது செல்லின் சவ்வில் நுண்ணிய துளைகளைத் திறந்துவிடுகிறது, கால்சியம் கட்டுப்பாடில்லாமல் உள்ளே வருகிறது. பெரும்பாலும் துளைகள் மூடிக்கொள்ளும், ஆனால் அதுவரை அந்தத் தசை சரியாகச் சுருங்காது, சில செல்கள் செத்தும் போகலாம். ஷாக்குக்குப் பிறகு ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத்தசை சேதமானால் கசியும் புரதம்) ஏறுவது இதனால்தான். ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கு இது சின்ன விஷயமே இல்லை.

அதற்காக ஷாக்கே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்கும்போது எல்லாச் செல்களையும் ஒரே நேரத்தில் தூண்டி அந்தக் குழப்பத்தை நிறுத்த வேறு வழி கிடையாது.

பிறகு பார்த்த டாக்டர் ஜூலைத் தொடவில்லை, செட்டிங்கை மாற்றினார். எந்த வேகத்துக்கு மேல் தலையிட வேண்டும் என்பதை உயர்த்தினார், முதலில் வலியில்லாத வேகத் துடிப்பூட்டலை, அதாவது சின்ன மின்தூண்டல்களை வேகமாகக் கொடுத்துத் துடிப்பை அடக்குவதை, முயற்சி செய்யும்படி வைத்தார். 2012-இல் வந்த மேடிட்-ரிட் ஆய்வில் சுமார் 1500 பேரிடம் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்: நிமிடத்துக்கு 200 துடிப்புக்கு மேல் மட்டும் செயல்படவோ, கூடுதல் நேரம் காத்திருக்கவோ வைத்தபோது தேவையற்ற சிகிச்சை குறைந்தது, இறப்பும் குறைந்தது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு ஷாக்கும் இல்லை. இரண்டு முறை வேகத்துடிப்பு வந்து துடிப்பூட்டலிலேயே அடங்கியது பதிவில் இருக்கிறது, அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று கருவிக்கு இல்லை, டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த கட்டுக் காகிதத்தில் இந்த எண்கள் ஒன்றுகூட இல்லாததற்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது வைத்திருந்தால் அடுத்த செக்கப்பில் செட்டிங் பிரிண்ட் அவுட் கேட்டு வாங்குங்கள்.