பிளைட்ரேடார்24: வாகைக்குளத்துக்கு ஆள் கூப்பிடப் போக இலவசப் பதிப்பே போதும்

நெல்லையிலிருந்து வாகைக்குளம் (தூத்துக்குடி) ஏர்போர்ட்டுக்கு ஆள் கூப்பிடப் போகிறவர்கள், விமானங்கள் பறப்பதை அப்போதைக்கப்போது வரைபடத்தில் காட்டும் இந்த ஆப்புக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. சென்னையில் விமானம் மேலே கிளம்பியதைத் திரையில் பார்த்தபின் குளித்து, காப்பி குடித்துக் கிளம்பினாலும் கே.டி.சி. நகர், வல்லநாடு வழியாக நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சில்வர், கோல்டு என்ற கட்டணப் பதிப்புகள், விமானங்களுக்கு வழிகாட்டும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலை பார்க்கும் விதத்தைக் கவனிக்கப் பிடித்தவர்களுக்கு.

அந்த வேலை இலவசப் பதிப்பிலேயே பாதி தெரியும். வளைகுடாவுக்கும் கொழும்புக்கும் இடையே பறக்கும் இரண்டு விமானங்கள் நம் தலைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுவதுபோல் திரையில் ஒட்டிக்கொள்ளும். தொட்டு உயரத்தைப் பாருங்கள். கிழக்கே போவது 35,000 அடி என்றால் மேற்கே போவது 36,000. ஆயிரங்களை எண்ணினால் கிழக்குக்கு ஒற்றைப்படை, மேற்குக்கு இரட்டைப்படை. நடுவே 1,000 அடி. இந்த உயரத்தை ஒதுக்குவது, நெடுவழியில் பறப்பவற்றைக் கவனிக்கும் ஏரியா கண்ட்ரோல். ஒரே உயரத்தில் வருகிறவற்றுக்கு, ராடார் நன்றாக எட்டும் இடத்தில் பொதுவாக 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல், இடைவெளி வைப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில், இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்தும் அப்ரோச் கண்ட்ரோலின் கை தெரியும். இறங்க வழியில்லாத விமானத்தின் தடம் நீள்வட்டமாகச் சுற்றும். 14,000 அடிக்குக் கீழே நேர்ப்பக்கம் ஒவ்வொன்றும் 1 நிமிடம், திருப்பம் ஒவ்வொன்றும் 1 நிமிடம், ஆக ஒரு சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம். ஆப் காட்டும் வருகை நேரத்தை அப்போது நம்பாதீர்கள். எத்தனை சுற்று என்று அதற்குத் தெரியாது. தடம் வட்டத்தை விட்டு விலகி உயரமும் குறைய ஆரம்பித்தால் இறங்க வழி கிடைத்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆப் தடுமாறுவது கடைசிக் கட்டத்தில். விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தானே பரப்பும் இருப்பிடத் தகவலைத் தரையிலுள்ள ரிசீவர்கள் பிடித்து அனுப்புகின்றன. 35,000 அடியில் பறப்பதை 400 கிலோமீட்டர் தள்ளியும் பிடிக்கலாம். 1,000 அடிக்கு வந்துவிட்டால் சமதரையிலேயே 70 கிலோமீட்டர்தான். மேற்கே மலை மறைத்தால் அதுவும் இல்லை. பக்கத்தில் ரிசீவர் இல்லையென்றால் படம் கொஞ்ச தூரம் உத்தேசமாக நகர்ந்து, பிறகு மறைந்துவிடும். பதற வேண்டாம். ஏர்போர்ட்டின் கட்டுப்பாட்டு டவரில் இருப்பவர் விமானத்தைக் கண்ணாடி வழியாக நேரிலேயே பார்த்துக்கொண்டிருப்பார். ஓடுபாதை காலியா என்று பார்த்து இறங்க அனுமதி தருவது அவர்தான். சிறிய நிலையங்களில் தரையில் நகர்வதற்கான அனுமதியும் பெரும்பாலும் அவரிடமே.

சில்வரில் ஸ்குவாக் எண் தெரியும். விமானத்தை ராடாரில் அடையாளம் காணக் கட்டுப்பாட்டாளர் ஒதுக்கும் நான்கு இலக்கம் அது. 8, 9 வராது. 7700 பொது அவசரம், 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். 7600 என்றால் விமானம் விழப்போகிறது என்று அர்த்தமில்லை. பேச்சு அற்றுப்போனாலும் டவரில் விமானத்தை நோக்கி நிற ஒளி காட்டும் விளக்குத் துப்பாக்கி உண்டு: அணையாத பச்சை காட்டினால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் மற்றதற்கு வழிவிட்டுச் சுற்ற வேண்டும்.

கோல்டில் காசுக்கு உருப்படியானது கட்டுப்பாட்டு எல்லைக் கோடுகள்தான். விமானம் எந்த இடத்தில் ஒரு மையத்திலிருந்து அடுத்ததன் கைக்கு மாறுகிறது என்பதை அதில் பார்க்கலாம். விமானியும் கட்டுப்பாட்டாளரும் பேசுவது எந்தப் பதிப்பிலும் கேட்காது. போன வாரம் வட்டமடித்ததைத் திரும்பப் பார்க்க மட்டும் என்றால் இலவசத்திலேயே 7 நாள் பதிவு இருக்கிறது. சில்வரில் 90 நாள், கோல்டில் 365.